ஒரே கட்டளை, நாற்பது ஜோடித் தோள்கள்



ராசிபுரம் வட்டாரத்தில் ஒரு நாள் முழுவதும் சுற்றி வந்தால், மனிதத் தோள்கள் எத்தனை வகை வேலை செய்கின்றன என்பதைக் காணலாம். ஒரு வீட்டில் கைத்தறியில் பட்டுச் சேலை நெய்கிறார்கள். நெசவாளியின் ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மறு கை பலகையை அடிக்கிறது. ஒவ்வொரு அசைவும் இலேசானது. ஆனால் ஒரு சேலை முடிவதற்குள் அந்த அசைவு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. சற்றுத் தள்ளி லாரியில் மூட்டை ஏற்றுகிறார்கள். அங்கே அசைவுகளின் எண்ணிக்கை குறைவு; ஒவ்வொன்றின் பளுவோ மிக அதிகம். ஊருக்கு வெளியே மரவள்ளித் தோட்டத்தில் கிழங்கைப் பிடுங்குகிறார்கள். அது இழுக்கும் வேலை.

இந்த மூவரில் யாருக்குத் தோள் வலிமை அதிகம்? கேள்வியே சரியில்லை என்பான் ஓர் உடலியல் மாணவன். நெசவாளிக்கு இருப்பது தாங்கும் திறன். மூட்டை தூக்குபவருக்கு இருப்பது வலிமை. இரண்டும் வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், பள்ளியில் வாரம்தோறும் வரும் டிரில் பீரியடைப் பற்றிப் புதிதாகச் சில கேள்விகள் கேட்கத் தோன்றும்.

மைதானத்தில் நாற்பது பேர் வரிசையாக நிற்கிறோம். "எல்லோரும் பத்து தண்டால்!" என்று கட்டளை வருகிறது. ஒருவன் சிரித்துக்கொண்டே இருபது எடுக்கிறான். இன்னொருவன் மூன்றாவதிலேயே வயிறு தொங்கி விழுகிறான். பின்வரிசையில் ஒரு மாணவி ஒன்றுகூட எடுக்க முடியாமல், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று எழுந்து ஓரமாக நிற்கிறாள். பயிற்சி மிகவும் தேவைப்படுபவருக்கே அது கிடைக்காமல் போகிறது. இது யாருடைய மனவுறுதிக் குறைவும் அல்ல. திட்டத்தில் உள்ள குறை. அதை எப்படிச் சரிசெய்வது? பௌதிகமும் உடலியலும் சேர்ந்து விடை சொல்கின்றன.

கைக்குள் ஒரு நெம்புகோல்

முதலில் உங்கள் முழங்கையைக் கவனியுங்கள். மேற்கையின் முன்புறம் இருப்பது இருதலைத் தசை. அதன் கீழ்முனை, முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி முன்கை எலும்பில் பொருந்தியிருக்கிறது. உள்ளங்கையோ மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. கையில் 2 கிலோ எடையை வைத்து, முன்கையைக் கிடைமட்டமாகப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி தசை இழுக்க வேண்டிய விசை எவ்வளவு? 2 × 35 ÷ 5 = 14 கிலோ எடைக்குச் சமமான விசை! முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இயற்கை ஏன் இப்படி நட்டம் வரும் வியாபாரம் செய்தது? விசையில் இழந்ததை வேகத்தில் பெற்றுக்கொள்கிறோம். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்கிறது. கல் எறியவும், பந்து வீசவும், சிலம்பம் சுழற்றவும் இந்த ஏற்பாடுதான் உதவுகிறது. பளுவைத் தூக்கும்போது மட்டும் அதற்கு விலை கொடுக்கிறோம்.

கர்லாக்கட்டை சுற்றுவது ஏன் கடினம் என்பதும் இப்போது விளங்கும். கட்டையின் எடை பெரும்பாலும் அதன் பருத்த முனையில் இருக்கிறது. தோள் மூட்டிலிருந்து எடை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகத் திருப்புவிசை உண்டாகிறது. சிறிய கட்டை பெரிய பயில்வானையும் வியர்க்க வைப்பது இதனால்தான்.

வலிமை எங்கிருந்து வருகிறது?

தசை என்பது ஆயிரக்கணக்கான நார்களின் கற்றை. ஒவ்வொரு நாரினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இரு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் குட்டையாவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. இரு கைகளின் விரல்களைக் கோத்து உள்ளே தள்ளுவதைப் போல என்று சொல்லலாம். 1954-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டு வெளியிட்டன. வியப்பு என்னவென்றால், இரு குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயருள்ள ஒருவர் இருந்தார். இருவரும் உறவினர் அல்லர்.

நாம் ஒரு வேலையைத் தொடங்கும்போது மூளை எல்லா நார்களையும் ஒரேயடியாக எழுப்புவதில்லை. முதலில் சிறிய, சோர்வடையாத நார்த்தொகுதிகளை அழைக்கிறது. பளு கூடக் கூட, பெரிய, வலிமை மிக்க, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும் தொகுதிகளை அழைக்கிறது. கையை வெறுமனே நூறு தடவை வட்டமாகச் சுற்றினால் பெரிய தொகுதிகளுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அதனால் தாங்கும் திறன் கொஞ்சம் வளரும். வலிமை அதிகம் வளராது. வலிமை வேண்டுமென்றால், பத்துப் பதினைந்து தடவைக்குள் 'போதும்' என்று தசை சொல்லும் அளவுக்குப் பளு இருக்க வேண்டும்.

அந்தப் பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் வேண்டும். பண்டைய கிரேக்க நாட்டு மல்லன் மைலோ, ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்ததாம். இது கதை. ஆனால் கதைக்குள் இருக்கும் கருத்து உண்மை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களின் நலிந்த தசைகளுக்கு அளவாகப் பளு கொடுத்து, வாரத்துக்கு வாரம் கூட்டினார். 1945-ல் அவர் தம் முறையை வெளியிட்டார். இன்றைய வலிமைப் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் அது ஒரு தொடக்கம்.

இன்னொரு செய்தி. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கிடைக்கும் வலிமை, தசை பருத்ததால் வருவது அல்ல. நரம்புகள் தசை நார்களை ஒருங்கே வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. பள்ளி வயதில், அதிலும் பருவம் அடையாதவர்களிடத்தில், பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே 'ஒரு மாதமாகியும் தோள் பருக்கவில்லையே' என்று சோர்ந்துவிட வேண்டாம்.

கட்டளையிலிருந்து சுற்றுக்கு

கூட்டமாக நின்று ஒரே கட்டளைக்கு ஒரே அசைவைச் செய்யும் முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங், 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். அவரது முறை பல நாட்டுப் பள்ளிகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் 'டிரில் மாஸ்டர்' என்ற சொல் அந்தக் கட்டளைப் பயிற்சியின் நினைவாக இன்றும் நிலைத்திருக்கிறது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைச் சென்னையில் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. வெறும் டிரில் என்ற நிலை மாறி, உடற்கல்வி ஒரு பாடமாக வளர அது வழி செய்தது.

ஆனால் பெரிய வகுப்பு, சிறிய மைதானம், குறைந்த சாதனங்கள், பலவகை உடல்கள் என்ற சிக்கல் எங்கும் இருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் 1953-ல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். பயிற்சிகளை மைதானத்தைச் சுற்றிப் பல 'நிலையங்களாக' வைத்தார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு நிலையமாகச் சுற்றி வருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தமக்குரிய அளவில் செய்வார்கள். இதற்குச் சுற்றுப் பயிற்சி என்று பெயர்.

தண்டாலின் கணக்கு

'தமக்குரிய அளவு' என்பதை எப்படி அறிவது? தண்டாலையே எடுத்துக்கொள்வோம். உடலைப் பலகைபோல் விறைப்பாக வைத்தால், கால்விரல்கள் தாங்குபுள்ளி ஆகின்றன. உடலின் எடை புவியீர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இழுக்கிறது. கைகள் மேல்நோக்கித் தாங்குகின்றன. 40 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவருக்குக் கால்விரலிலிருந்து கை வரை 120 செ.மீ., புவியீர்ப்பு மையம் வரை 77 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கைகள் தாங்குவது 40 × 77 ÷ 120, அதாவது ஏறக்குறைய 26 கிலோ. தண்டால் எடுப்பவர் கையில் எதுவும் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் 26 கிலோவைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்!

முழங்காலைத் தரையில் ஊன்றினால் தாங்குபுள்ளி முன்னால் வந்துவிடுகிறது, பளு குறைகிறது. கைகளை உயரமான இடத்தில் வைத்தால் உடல் நிமிர்கிறது. பாதத்துக்கும் புவியீர்ப்பு மையத்துக்கும் இடையிலான கிடைத்தொலைவு சுருங்குகிறது. கைகள் முன்னே நீண்டிருப்பதால் பாதத்துக்கும் கைக்கும் உள்ள தொலைவு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனாலும் பளு குறைகிறது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வயது வந்தவர்களைக் கொண்டு இதைக் கருவி வைத்து அளந்தது. கைகள் தாங்கும் பளு, உடல் எடையில் இவ்வாறு இருந்தது:

கைகள் 60 செ.மீ. உயரத்தில் – 41 சதவீதம்
முழங்கால் தரையில் – 49 சதவீதம்
கைகள் 30 செ.மீ. உயரத்தில் – 55 சதவீதம்
வழக்கமான தண்டால் – 64 சதவீதம்
கால்கள் 30 செ.மீ. உயரத்தில் – 70 சதவீதம்
கால்கள் 60 செ.மீ. உயரத்தில் – 74 சதவீதம்

40 கிலோ மாணவருக்கு இதையே கணக்கிட்டால் முறையே 16, 20, 22, 26, 28, 30 கிலோ என்று வரும். பார்த்தீர்களா? ஒரு ரூபாய் செலவில்லாமல் ஆறு வகைப் பளுக்கள் கிடைத்துவிட்டன. இதற்கும் கீழே, சுவரில் கை வைத்துத் தள்ளும் முதற்படி ஒன்றும் உண்டு. இது ஓர் ஏணி. முழங்கால் ஊன்றிச் செய்வதைச் சிலர் 'பெண்கள் தண்டால்' என்பார்கள். அது தவறான பெயர். ஏணியின் படிகளுக்கு ஆண் பெண் கிடையாது. யார் எந்தப் படியில் தொடங்குகிறார்கள் என்பது மட்டுமே உண்டு.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 30 கிலோ மாணவரும் 55 கிலோ மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் தண்டால் எடுக்கும்போது, ஒருவர் தள்ளுவது 19 கிலோ; மற்றவர் தள்ளுவது 35 கிலோ. கட்டளை ஒன்று, வேலை இரண்டு. 'குண்டனால் முடியவில்லை' என்று சிரிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும்.

தள்ளினால் இழுக்கவும் வேண்டும்

தண்டால் எடுக்கும்போது மார்புத் தசையும், மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசையும், தோளின் முன்பகுதியும் வேலை செய்கின்றன. முதுகுத் தசைகளுக்கும் இருதலைத் தசைக்கும் அதில் முக்கிய வேலை இல்லை. தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஆகவே மூட்டுகளில் தசைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே அமைந்துள்ளன. தள்ளும் பயிற்சி ஒன்று வைத்தால், அதற்கு எதிராக இழுக்கும் பயிற்சி ஒன்றும் வைப்பது முறை. நாள் முழுவதும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்து உட்காரும் மாணவருக்கு முதுகுத் தசைப் பயிற்சி இன்னும் அவசியம்.

இழுக்கும் பயிற்சிக்குக் கம்பி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உறுதியான மரத்தில் மார்பு உயரத்தில் வடத்தைக் கட்டுங்கள். அதைப் பிடித்து, பாதத்தை ஊன்றி, உடலை விறைப்பாகப் பின்னே சாய்த்து, மார்பு கைகளுக்கு அருகே வரும்வரை இழுத்து நிமிருங்கள். நிமிர்ந்து நின்றால் பளு குறைவு. அதிகம் சாய்ந்தால் பளு அதிகம். இதுவும் ஓர் ஏணியே. வடத்தையும் முடிச்சையும் ஆசிரியர் சோதித்த பிறகே தொட வேண்டும்.

பதினைந்து நிமிடத் திட்டம்

இப்போது ராசிபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தையும் நாற்பது மாணவர்களையும் மனத்தில் வைத்துத் திட்டம் போடுவோம். பீரியடின் முதல் சில நிமிடங்கள் மெல்லோட்டமும் கை, தோள் சுழற்சியும். பிறகு எட்டு எட்டுப் பேராக ஐந்து குழுக்கள், ஐந்து நிலையங்கள்:

1. தள்ளுதல்: தண்டால் ஏணி. சுவர், மேடை, படி, தரை எல்லாம் அருகருகே இருக்கட்டும்.
2. இழுத்தல்: மரத்தில் கட்டிய வடம்.
3. மேலே தூக்குதல்: தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் அல்லது சிறு மணல் பைகளைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துதல்.
4. முதுகு: கவிழ்ந்து படுத்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மார்பையும் கைகளையும் தரையிலிருந்து சிறிது உயர்த்தி இறக்குதல்.
5. சுமத்தல்: இரு கைகளிலும் மணல் வாளிகளுடன் நிமிர்ந்து நடத்தல்.

ஒவ்வொரு நிலையத்திலும் 30 விநாடி வேலை. அடுத்த நிலையத்துக்கு மாற 30 விநாடி. ஐந்து நிலையங்களுக்கு 5 நிமிடம். மூன்று சுற்றுக்கு 15 நிமிடம். மீதி நேரம் விளையாட்டுக்கு.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தீவிர வேலையின் முதல் சில விநாடிகளுக்குத் தசையில் சேமித்துள்ள ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் ஆற்றல் தருகின்றன. அந்தச் சேமிப்பு பெரும்பாலும் மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். தள்ளிய பின் இழுத்தால், இழுக்கும்போது தள்ளும் தசைகள் ஓய்வெடுக்கின்றன. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் தண்டாலுக்கு வரும்போது நான்கரை நிமிடம் கழிந்திருக்கும். யாரும் வரிசையில் நின்று காத்திருக்கவும் இல்லை. யாருடைய தசையும் அடுத்தடுத்து அடி வாங்கவும் இல்லை.

எந்தப் படியில் தொடங்குவது? ஒழுங்கு கெடாமல் 8 முதல் 12 தடவை செய்ய முடிகிற படியில். தொடர்ந்து இரண்டு நாள் 15 தடவை செய்ய முடிந்தால் அடுத்த படிக்கு மாறுங்கள். முதுகு வளைந்தாலோ, வயிறு தொங்கினாலோ அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்திருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் கோடை வெயிலில் நண்பகல் பயிற்சி வேண்டாம். காலை நேரமும், மர நிழலும், குடிநீரும் திட்டத்தின் பகுதியே.

சில பயங்கள்

"எடை தூக்கினால் குட்டையாகிவிடுவாய்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அளவான பளுவுடன், சரியான முறையில், மேற்பார்வையில் செய்யும் பயிற்சி உயர வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. அதற்காக 'யார் அதிகம் தூக்குவது' என்று போட்டி போட்டு, தாங்க முடியாத பளுவைத் தூக்கக் கூடாது. வளரும் எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்புத் தகடுகள் உள்ளன. அவை அடிபட்டால் தீங்கு நேரும்.

மறுநாள் தோள் வலிப்பது லாக்டிக் அமிலத்தால் என்பதும் பழைய நம்பிக்கை. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது. இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் மூட்டில் சுருக்கென்று வலித்தால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இது வேண்டாம் என்பது மூன்றாவது பயம். பருவம் அடையும்வரை இரு பாலாரின் வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன்பின் ஆண்களின் தசை மிகுதியாக வளர்வது உண்மைதான். ஆனால் பயிற்சியால் பெண்களும் ஏறத்தாழ அதே விகிதத்தில் முன்னேறுகிறார்கள். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் யார் தெரியுமா? 2000-ஆம் ஆண்டு சிட்னியில் பளுதூக்குதலில் வெண்கலம் வென்ற ஆந்திர மாநிலத்துக் கர்ணம் மல்லேஸ்வரி. இரு முறைகளிலும் சேர்த்து அவர் தூக்கியது 240 கிலோ!

செய்து பாருங்கள்

ஆள் நின்று எடை பார்க்கும் தட்டையான தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் எடையைக் குறியுங்கள். பிறகு தராசின் உயரமே உள்ள ஒரு கட்டையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கை தராசிலும் மறு கை கட்டையிலுமாகத் தண்டால் நிலையில் அசையாமல் இருங்கள். நண்பர் தராசைப் படிக்கட்டும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் கைகள் தாங்கும் பளு கிடைக்கும். அது உங்கள் எடையில் எத்தனை சதவீதம்? முழங்காலை ஊன்றியும், தராசையும் கட்டையையும் உறுதியான படியில் வைத்தும் அளந்து பாருங்கள். கையை மடக்கித் தாழ்ந்தால் எண் மாறுகிறதா? ஏன்? வகுப்பில் பத்துப் பேரின் அளவுகளை எழுதி, மேலே தந்த சதவீதங்களுடன் ஒப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் தேதி, படி, எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் எழுதி வாருங்கள். அடுத்தவர் நோட்டுடன் ஒப்பிட வேண்டியதில்லை. போன மாதத்து உங்கள் பக்கத்துடன் ஒப்பிட்டால் போதும். சுவரில் தொடங்கிய ஒருவர் இரண்டு மாதத்தில் படிக்கு இறங்கியிருந்தால், தரையிலேயே நின்றுவிட்டவரைவிட அவரே நல்ல மாணவர். தண்டாலைத் தண்டனையாக நினைத்தவர்கள் அதை ஒரு சோதனைச்சாலையாக நினைத்துப் பார்க்கட்டும். அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி நாற்பது பேரிடமும் இருக்கிறது: இரண்டு கைகள்.